தோட்டாப் பெட்டியும் 22 சென்ட் வாஷரும்: ஒரு பைக்கின் ஷெட்டு வரலாறு

ஒரு பைக்கின் வரலாற்றை எழுதச் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? எந்தக் கம்பெனி, எந்த வருடம், எத்தனை சிசி, எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது... இவ்வளவுதான். வண்டி ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் வரலாறு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்கியவர் தன் வீட்டு ஷெட்டில் வைத்து அதை என்ன பாடு படுத்தினார், எங்கே ஓட்டை போட்டார், எதைக் கட்டப்போய் எதை உடைத்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஆனால் ஒரு வண்டிக்கு மட்டும் அந்த ஷெட்டு வரலாற்றை விட்டுவிட்டால் பாதிக் கதைகூடத் தேறாது. அதன் பெயர் கவாசாகி கே.எல்.ஆர் 650. நம்மூர்க்காரர்களுக்குக் கவாசாகி என்றால் 1980களில் பஜாஜோடு சேர்ந்து வந்த கேபி 100 தான் ஞாபகம் வரும். இது அதைவிட ஆறரை மடங்கு பெரிய எஞ்சின். கதை நடப்பதும் பெரும்பாலும் அமெரிக்காவில்.

முதலில் கொஞ்சம் ஃபிளாஷ்பேக்.

பெட்டி படுக்கையோடு கிளம்பிய முதல் ஆட்கள்

டூயல் ஸ்போர்ட் என்றால் தார் ரோட்டிலும் ஓடும், மண் பாதையிலும் ஓடும் பைக். நம்பர் பிளேட், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் இருக்கும். அதே சமயம் உயரமான சஸ்பென்ஷன், பெரிய முன் சக்கரம், கல்லில் அடிபடாத உயரத்தில் எஞ்சின் இருக்கும். 1968-ல் யமஹா கொண்டுவந்த டிடி-1 என்ற 250 சிசி வண்டிதான் அமெரிக்காவில் இந்த வகையைப் பரவலாக்கியது என்று சொல்வார்கள்.

ஆனால் பைக்கில் சாமான் கட்டிக்கொண்டு பாதையில்லாத ஊருக்குப் போகும் பழக்கம் அதற்கும் முந்தியது. 1932-ல் ராபர்ட் எடிசன் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் லண்டனில் ஒரு விருந்தில் உட்கார்ந்திருந்தார். வயது 23. கப்பலில் எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்ற பேச்சு வந்தபோது, மோட்டார் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றிப் போகப் போகிறேன் என்று அடித்துவிட்டார். சும்மா ஜம்பத்துக்குச் சொன்னதுதான். கெட்ட நேரம், அதே மேஜையில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காரர் ஒருவர் இருந்தார். வண்டி நாங்கள் தருகிறோம் என்றார். மாட்டிக்கொண்டார் மனிதர் :-)

அந்த டக்ளஸில் நீண்ட பயணத்துக்காகப் பல மாற்றங்களைச் செய்தார்கள். கூடுதல் பெட்ரோல் டேங்க், கருவிப் பெட்டி, படம் பிடிக்கும் கேமராவுக்கும் ஃபிலிம் சுருளுக்கும் இடம். சுமார் ஒன்றரை வருடம் சுற்றினார். இந்தியா வழியாகவும் போனார். 1937-ல் அந்த அனுபவம் புத்தகமாக வந்தது. பிற்காலத்தில் இதே ஃபுல்டன் பறக்கும் கார் ஒன்றைச் செய்தார் என்பது தனிக்கதை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஃபுல்டனுக்குத் தொழிற்சாலையே மாற்றிக் கொடுத்தது. 50 வருடம் கழித்து வந்த கே.எல்.ஆர்-காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

மாறாத வண்டி

1984-ல் கே.எல்.ஆர் 600 வந்தது. 1987-ல் அது 650 ஆனது. 651 சிசி, ஒரே சிலிண்டர், தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின், ஐந்து கியர். முக்கியமான சமாச்சாரம் டேங்க். 23 லிட்டர்! ஒரு தடவை நிரப்பினால் 400 கிலோமீட்டர் போகலாம். பெட்ரோல் பங்க் இல்லாத பாலைவனப் பக்கம் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். விலையும் ஐரோப்பிய வண்டிகளோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

அப்புறம் கவாசாகி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. 1987-லிருந்து 2007 வரை, பெயிண்டும் ஸ்டிக்கரும் சில்லறை மாற்றங்களும் போக, அதே வண்டிதான் வந்தது. இந்த இருபது வருடங்களில் மற்ற பைக்குகள் தலைகீழாக மாறிவிட்டன. கே.எல்.ஆர் மட்டும் அப்படியே இருந்தது.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாம். கஞ்சத்தனம் என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த மாறாத குணத்தால் ஒரு விசித்திரமான நன்மை விளைந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டாளத்துப் பெட்டி

கே.எல்.ஆரில் பின்னால் ஒரு சின்ன கேரியர் உண்டு. ஒரு மாதப் பயணத்துக்கான கூடாரம், துணி, சமையல் அடுப்பு, கருவிகள், தண்ணீர் எல்லாம் அதில் அடங்காது. கடையில் விற்கும் அலுமினியப் பெட்டிகள் வாங்கலாம்தான். ஆனால் விலை மலிவு என்பதற்காக இந்த வண்டியை வாங்கியவர், வண்டி விலையில் ஒரு பெரிய பங்கைப் பெட்டிக்குக் கொடுப்பாரா?

எனவே கண்ணில் பட்டதையெல்லாம் கட்டினார்கள். முதலில் பால் கடைக்கு பால் வரும் பிளாஸ்டிக் கிரேட். பின் கேரியரில் நாலு போல்ட்டு போட்டால் முடிந்தது வேலை. (அமெரிக்காவில் பல மாநிலங்களில் பால் கம்பெனி கிரேட்டை எடுத்துக்கொண்டு போவது குற்றம். கிரேட்டிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். அந்த எச்சரிக்கையோடு சேர்த்தே ஊர் சுற்றிய வண்டிகள் நிறைய.)

அடுத்து ராணுவத்தின் காலித் தோட்டாப் பெட்டிகள். அமெரிக்காவில் ராணுவக் கழிவுச் சாமான் விற்கும் கடைகளில் இவை சல்லிசாகக் கிடைக்கும். 50 காலிபர் தோட்டாவுக்கான பெட்டி உள்ளளவில் ஏறக்குறைய 28 செ.மீ நீளம், 14 செ.மீ அகலம், 18 செ.மீ உயரம். கனமான இரும்புத் தகடு, மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, இறுக்கிப் பூட்டும் கொக்கி. தோட்டா நனையக் கூடாது என்று செய்தது, துணியையும் நனைய விடாது. இதைவிடப் பெரிய 20 மில்லிமீட்டர் குண்டுகளுக்கான பெட்டியில் ஒரு ஆளின் துணிமணி மொத்தமும் அடங்கும்.

கருவிகளுக்கு இன்னொரு வழி. பிளம்பர் உபயோகிக்கும் நாலு அங்குல பிவிசி குழாயை வெட்டி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறு பக்கம் திருகு மூடி போட்டு, எஞ்சினுக்கு முன்னால் தகட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். டிராக்டரில் கையேடு வைப்பதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் குழாயையும் சிலர் இதற்கே பயன்படுத்தினார்கள். எடை கீழேயும் முன்னாலும் இருக்கும். பின்னால் எல்லாவற்றையும் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி மண்ணில் ஆட ஆரம்பிக்கும். இதைப் பலரும் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

தோட்டாப் பெட்டியை மாட்டுவதும் அவ்வளவு சுலபமில்லை. போல்ட்டுக்கு ஓட்டை போட்டால் தண்ணீர் புகும், எனவே ஓட்டையில் ரப்பர் வாஷர் வேண்டும். சைலன்சர் வலது பக்கம் இருப்பதால் அந்தப் பக்கப் பெட்டியை இன்னும் தள்ளி மாட்ட வேண்டும். வண்டி ஒரு பக்கமாகச் சாயும். சரி, கனமான சாமானை இடது பெட்டியில் வை. சைலன்சர் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகுகிறதா, நடுவில் ஒரு தகடு வை. இப்படி ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது கிளம்பும்.

சங்கிலித் தொடர்

பெரிய தோட்டாப் பெட்டி காலியாக இருக்கும்போதே 10 கிலோவைத் தாண்டும். இரண்டு பக்கமும் மாட்டினால், ஒரு சாக்ஸ்கூட வைக்கும் முன்பே 20 கிலோவுக்கு மேல். இந்த எடை முழுவதையும் தாங்குவது பின் சட்டம். கே.எல்.ஆரில் அந்தப் பின் சட்டம் முதன்மை ஃபிரேமோடு போல்ட்டுகளால்தான் இணைந்திருந்தது. மேலே இரண்டு போல்ட்டு, கீழே இரண்டு.

கரடுமுரடான பாதையில் பெட்டிகள் குலுங்கக் குலுங்க மேல் போல்ட்டுகள் தளரும், பிறகு உடையும். நடுக்காட்டில் பின் பாதி கழன்று தொங்கினால் எப்படி இருக்கும்? முதலில் வலுவான எஃகு போல்ட்டுகளுக்கு மாறினார்கள். அதுவும் போதாதவர்கள் ஃபிரேமின் குறுக்கே முழுதாகத் துளை போட்டு, இரண்டு சின்ன போல்ட்டுக்குப் பதில் ஒரே நீளமான தடித்த போல்ட்டை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து நட்டு போட்டார்கள். ஃபிரேமில் துளை போடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கை நடுங்கினால் வண்டியே போச்சு.

இன்னொரு பாடம் இதைவிட வலித்தது. மண்ணில் வண்டி சறுக்கும்போது ஓட்டுபவர் காலை ஊன்றுவார். அப்போது பின்னாலிருந்து வரும் இரும்புப் பெட்டி கெண்டைக்காலில் மோதும், அல்லது கால் பெட்டிக்கு அடியில் சிக்கும். எலும்பு முறிந்தவர்கள் உண்டு. தோட்டாவைக் காப்பாற்றச் செய்த பெட்டி காலைக் காப்பாற்றாது. இதனால் ஒரு கூட்டம் இரும்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பட்டாளத்துக் கான்வாஸ் பைகளுக்குப் போனது. பை நனையும், யாரும் அறுத்துத் திருடலாம், ஆனால் கால் பிழைக்கும். பெட்டியா பையா என்ற சண்டை இதில்தான் பிறந்தது.

பெயரே இல்லாத பாகம்

இப்போது வருவதுதான் ஹைலைட்.

இவ்வளவு பெரிய ஒற்றை பிஸ்டன் மேலும் கீழும் போனால் வண்டி அதிரும். அதைக் குறைக்க எஞ்சினுக்குள் எதிர் எடைகள் சுற்றும். அவற்றைச் சுற்றுவது ஒரு செயின். செயின் நாளாக நாளாக நீளும் அல்லவா, அதன் தொய்வை எடுக்க ஒரு லீவரும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. வெளியே இருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் லீவரை இழுத்து செயினை இறுக்கும். மறுபடி போல்ட்டை முடுக்கிவிட வேண்டும். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் ஆலையிலிருந்து வந்த லீவர் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. அது உடையும். உடையாவிட்டால் ஸ்பிரிங் தன் இழுவையை இழந்து சும்மா தொங்கும், அல்லது அறுந்து எஞ்சினுக்குள் விழும். வெளியே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கையேட்டை நம்பி போல்ட்டைத் தளர்த்தி முடுக்குவார், உள்ளே இழுக்க ஆளே இருக்காது. உடைந்த துண்டுகள் சுற்றும் பாகங்களுக்கு நடுவே போனால் எஞ்சின் காலி.

இந்த லீவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'டூஹிக்கி'. பெயர் தெரியாத, அல்லது பெயர் மறந்துபோன ஒரு சாமானை அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வார்கள். நம் பட்டறையில் "தம்பி, அந்த இத எடு" என்பார்களே, அந்த 'இது'தான் டூஹிக்கி. எஞ்சினையே பலி வாங்கக்கூடிய பாகத்துக்கு இப்படி ஒரு பெயர்!

தீர்வு எங்கிருந்து வந்தது? வண்டி வைத்திருந்த, லேத் பட்டறை வேலை தெரிந்த ஆட்களிடமிருந்து. ஒரே எஃகுத் துண்டில் வெட்டிய லீவர், அதற்கேற்ற வேறு ஸ்பிரிங் என்று செய்து விற்றார்கள். மாட்டுவதற்கு இடது பக்க எஞ்சின் மூடியைக் கழற்றி, மிக இறுக்கமாக முடுக்கிய மேக்னெட்டைத் தனிப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவை செய்யும் வேலைக்கு யார் அந்தக் கருவிகளை வாங்குவார்? எனவே ஒருவர் வாங்கிய கருவி பலர் கைக்குப் போனது. ஒருவர் வீட்டு ஷெட்டில் ஐந்தாறு பேர் வண்டியோடு கூடி, ஒரே நாளில் எல்லாருக்கும் மாற்றிக்கொண்டு போவது வழக்கமானது. எஞ்சினைத் திறந்தே பார்க்காத ஆள், மாலையில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆளாகத் திரும்பினார்.

22 சென்ட்

கார்புரேட்டர் பக்கமும் கை வைக்காமல் விடவில்லை. அமெரிக்கப் புகை விதிகளுக்காக ஆலையில் பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கூட்டி வைத்திருப்பார்கள். வண்டி இடையிடையே தயங்கும். கார்புரேட்டர் ஊசியின் கீழே சின்ன வாஷர் இரண்டு போட்டால் ஊசி லேசாக உயரும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும். கூடவே ஸ்லைடில் ஒரு துளையைச் சிறிது பெரிதாக்குவார்கள். வாஷர் விலையை வைத்தே இதற்கு '22 சென்ட் மாற்றம்' என்று பெயர். வண்டி ஓடும் விதம் தெளிவாகவே மாறும். ஆனால் எதற்காக அந்த விதி வந்ததோ அதை மீறித்தான் இந்த லாபம். வீட்டில் செய்வதெல்லாம் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட முடியாது.

இன்னொன்று செலவே இல்லாதது. கார்புரேட்டரின் காற்று டியூப் வண்டிக்கு அடியில் தொங்கும். ஓடையைக் கடக்கும்போது அதன் நுனி தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் நின்றுவிடும், அதுவும் சரியாக நடு ஓடையில்! டியூபில் 'டி' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, ஒரு கிளையைச் சீட்டுக்குக் கீழே உயரத்தில் விட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது.

அப்படியானால் யார் வடிவமைத்தது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1988-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு விஷயத்தைக் காட்டினார். அறிவியல் கருவிகள் போன்ற துறைகளில் முக்கியமான மேம்பாடுகள் பெரும்பாலும் தயாரிப்பாளரிடமிருந்து வரவில்லை, பயன்படுத்தியவர்களிடமிருந்து வந்தன என்று. அவர் கே.எல்.ஆரைப் பற்றி எழுதவில்லை. ஆனால் கே.எல்.ஆர் அதற்கு அச்சு அசலான உதாரணம்.

இப்போது அந்த விசித்திரமான நன்மைக்கு வருகிறேன். வண்டி மாறாததால் அறிவு வீணாகவில்லை. 1992-ல் ஒருவர் கண்டுபிடித்த கேரியர் அளவு 2006 மாடலுக்கும் பொருந்தியது. ஒருவர் எஞ்சினை உடைத்துக் கற்ற பாடம் இருபது வருட வண்டிகள் அத்தனைக்கும் பயன்பட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு புது மாடல் வந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கியிருப்பார்கள். கவாசாகி திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால் அது சும்மா இருந்ததால்தான் மற்றவர்கள் படித்துக்கொண்டார்கள்.

அதற்காகக் கம்பெனியை மன்னித்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டூஹிக்கியைச் சரிசெய்யத் தெரிந்தவர் தப்பித்தார். அந்தப் பெயரையே கேள்விப்படாமல் கையேட்டை மட்டும் நம்பியவர் எஞ்சினைப் பறிகொடுத்தார். தெரிந்தவர்களின் திறமையைக் கொண்டாடும்போது தெரியாதவர்களின் நஷ்டத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

ஒரு வேடிக்கையான திருப்பமும் உண்டு. 2000களில் அமெரிக்க மரைன் படைக்காக கலிஃபோர்னியாவின் ஹேய்ஸ் டைவர்சிஃபைடு டெக்னாலஜீஸ் நிறுவனம் இதே கே.எல்.ஆரில் டீசல் எஞ்சின் வைத்துக் கொடுத்தது. படையின் மற்ற வாகனங்கள் குடிக்கும் அதே எரிபொருளை பைக்கும் குடிக்க வேண்டும் என்பதற்காக. பட்டாளத்துப் பெட்டி பொதுஜன பைக்கில் ஏறியது, பொதுஜன பைக் பட்டாளத்தில் சேர்ந்தது. கணக்கு நேர் :-)

கம்பெனி காப்பியடித்தது

2008-ல் கே.எல்.ஆருக்கு முதல் பெரிய மாற்றம் வந்தது. முன் ஃபோர்க், பிரேக் எல்லாம் மேம்பட்டன, டூஹிக்கி லீவரையும் மாற்றினார்கள். 2018-ல் அந்த மாடல் நின்றது. 2021 ஜனவரியில் 2022 மாடலை அறிவித்தார்கள். அதில் பின் சட்டம் முதன்மை ஃபிரேமோடு சேர்ந்து ஒரே துண்டாக வந்தது. ஃபிரேமில் துளை போட்டு நீள போல்ட்டு விட்டவர்கள் தேடியது இந்த வலுவைத்தானே! பக்கவாட்டுப் பெட்டிகளோடு கூடிய தனி மாடலும் வந்தது.

நம் பக்கத்திலும் இதே காற்று அடித்தது. 2016-ல் சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த 411 சிசி ஹிமாலயனில், டேங்க்கின் இருபுறமும் சாமான் கட்டும் கம்பிச் சட்டமும் பின் கேரியரும் ஆலையிலேயே பொருத்தி வந்தன. யார் யாரோ ஷெட்டில் வெல்டிங் வைத்தது ஆலைக்குள் போய்விட்டது.

புது கே.எல்.ஆரில் கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்ஷன். புகை குறைவு, குளிரில் சட்டென ஸ்டார்ட் ஆகும், நல்லதுதான். ஆனால் அங்கே ஊசியும் இல்லை, 22 சென்ட் வாஷருக்கு வேலையும் இல்லை. வண்டி நன்றாகிவிட்டது. அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. திறந்து பார்த்தவர்கள் இல்லாவிட்டால் அது இவ்வளவு நன்றாகியிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்த தடவை ரோட்டில் விநோதமான பெட்டி கட்டிய பைக்கைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பெட்டி எந்த போல்ட்டில் தொங்குகிறது என்று குனிந்து பாருங்கள். அந்த ஆள் பட்ட அவஸ்தை எல்லாம் அங்கேதான் இருக்கும்.